அடக்கி வைக்காதே, தம்பி

அன்பு மகனுக்கு,

நீ போனில் தயங்கித் தயங்கிச் சொன்னதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பாம்பன் முழுக்கத் தெரிந்துவிடும். வாரத்துக்கு 3 தடவைகூடப் போகாமல், போனாலும் முக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் கஷ்டப்பட்டால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய மலச்சிக்கல்தான். இதில் வெட்கம் எதற்கு?

நீ அங்கே கிடைக்கும் குப்பூஸ் ரொட்டியைக் குறை சொல்கிறாய். எனக்கு நீங்கள் தங்கியிருக்கும் அந்தத் தொழிலாளர் கேம்ப் கக்கூஸ் மேல்தான் சந்தேகம். காலையில் வரிசை, வெளியே கம்பெனி பஸ் ஹாரன். வந்ததை அடக்கிக்கொண்டு ஓடுகிறாய். உள்ளே தேங்கியதிலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாக இறுகும். அடக்கிப் பழகினால் ‘வருகிறது’ என்ற உணர்வே மழுங்கிவிடும். நம் வீட்டில் கக்கூஸ் கட்டுவதற்கு முன்பு நானும் உன் அத்தையும் சீமைக்கருவேல மறைவுக்குப் போக இருட்டும் வரை காத்திருப்போம். பகலில் தண்ணீர் குடிக்கவே பயம். மூல வியாதியை வெளியே சொல்லாமலே காலம் தள்ளிய பெண்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். எங்களுக்கு வேறு வழியில்லை, உனக்கு இருக்கிறது.

காலையில்தான் போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அப்படித்தான். கூட்டமில்லாத அந்த நேரத்தில் போய் உட்கார். தினமும் அதே நேரம், பத்து நிமிஷம், போன் இல்லாமல். வெஸ்டர்ன் கக்கூஸ் என்றால் காலடியில் சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள், சுலபமாகப் போகும்.

சரி, சாப்பாடு. கோழியிலும் மீனிலும் நார்ச்சத்து துளியும் கிடையாது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். கொண்டைக்கடலை, காய்கறி, தோலோடு பழம், ராத்திரி ஊறவைத்த அத்திப்பழம் என்று மெதுவாகக் கூட்டு. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதி, அறையில் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமி ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடி. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

அதுவும் போதாவிட்டால் லாக்டுலோஸ் சிரப்பைப் பற்றி டாக்டரிடம் கேள். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். பேதி மாத்திரையை நீயாக மாதக்கணக்கில் போடாதே. நிலாவரைச் சூரணமும் குடலை உந்தித் தள்ளும் மருந்துதான், நாட்டு மருந்து என்று அளவில்லாமல் சாப்பிடாதே. சத்துக்கு இரும்பு மாத்திரை, முதுகுக்கு வலி மாத்திரை ஏதாவது போடுகிறாயா? அவற்றில் சிலவும் மலத்தைக் கட்டிவிடும். தைராய்டு குறைந்தாலும் இப்படி வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வயிறு உப்பி வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் லீவு கிடைக்குமா என்று பார்க்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. தை மாதம் ஊருக்கு வரும் உன் கூட்டாளியிடம் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு கொடுத்தனுப்புகிறேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீயும் சாப்பிடு.

அம்மா