தாயைப் படிக்கட்டில் உட்கார வைக்காதீர்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்டங்களின் நலப் பணிகள் இணை இயக்குநர்களுக்கும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைகள் வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். குழந்தை இருக்கும் அறையிலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போடுங்கள். குழந்தையைக் குளிரிலிருந்து காப்பது தாயின் உடம்புச் சூடுதான்.

"இந்த வெயிலில் குழந்தைக்கு என்ன குளிர்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் அடிக்கிற அடியில் அந்தக் கேள்வி நியாயமாகக்கூடத் தோன்றும். ஆனால் குழந்தை பிறப்பது நனைந்த உடம்போடு. 23 டிகிரி அறையில் துணியில்லாமல் கிடக்கும் பச்சைக் குழந்தைக்கு, 0 டிகிரியில் துணியில்லாமல் நிற்கும் பெரியவருக்கு ஆகிற அளவு சூடு போய்விடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். டாக்டருக்கு வியர்க்கிறது என்று ஏ.சி.யைக் குறைத்து வைக்கிறார்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் ஜன்னலை அறைந்துகொண்டிருக்கும்போதும் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. வியர்வையைத் துடைத்துக்கொள்ள டாக்டரால் முடியும்.

ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்க வேண்டும். அந்தக் கொழுப்பு சேர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். குறைமாதக் குழந்தைக்கு அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. இருக்கிற கொஞ்சமும் எரிந்து தீரும்போது ரத்தச் சர்க்கரை இறங்குகிறது, ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது. கேஸ் ஷீட்டில் "மூச்சுத் திணறல்", "சர்க்கரைக் குறைவு" என்று எழுதிவிடுகிறோம். குளிர் என்று யாரும் எழுதுவதில்லை. சாதாரண பாதரசத் தெர்மாமீட்டர் 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. 33-ல் கிடக்கும் குழந்தைக்கும் அது 35 என்றுதான் சொல்லும். குழந்தைக்கு வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளைப் பற்றி 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வார்டுக்கு வந்து சேரும்போது உடல் வெப்பம் ஒரு டிகிரி குறையக் குறைய இறப்புக்கான வாய்ப்பு 28 சதவீதம் கூடியிருந்தது.

எங்கே சூடு போகிறது என்பது பிரசவ அறையில் நிற்பவர்களுக்குத் தெரியும். துடைத்த ஈரத்துண்டை எடுத்து வீசாமல் அதையே சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். எடை பார்க்கும் எவர்சில்வர் தட்டில் துணி விரிக்காமல் படுக்க வைப்பார்கள். அந்தக் கணத்தில் குழந்தை கையையும் காலையும் விரித்துத் துடிப்பதைப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம். இவற்றுக்கெல்லாம் பணம் தேவையில்லை, இரண்டாவது துண்டு ஒன்று போதும்.

கஷ்டம் அதற்குப் பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது தொடங்குகிறது. தாளவாடியிலிருந்து மார்கழி இரவில் ஒரு குழந்தையை இறக்க வேண்டுமானால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். பர்கூர் மலையிலிருந்து அந்தியூருக்கு இறங்குவதும் லேசானதல்ல. குழந்தையைப் பஞ்சிலும் துண்டிலும் சுருட்டி உறவுக்காரர் மடியில் வைத்து அனுப்புகிறோம். தாய் பின்னால் வேறு வண்டியில் வருவாள், அல்லது மறுநாள் வருவாள். சுருட்டிய துணி இருக்கிற சூட்டைக் காக்கும், புதிதாகச் சூடு தராது. தாயின் நெஞ்சு தரும். தாய் எழுந்து உட்காரும் நிலையில் இருந்தால் அவள் மேலேயே குழந்தையைக் கட்டி 108-ல் ஏற்றுங்கள். முடியாவிட்டால் அப்பா இருக்கிறார், அம்மாவைப் பெற்ற அம்மாயி இருக்கிறாள். தோல் யாருடையதாக இருந்தாலும் சூடு சூடுதான்.

குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் கட்டி வைக்கும் இந்தக் 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே தொடங்கியது. "முதலில் குழந்தை தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம்" என்றுதான் நெடுங்காலம் நாமும் சொல்லிவந்தோம். 2021-ல் வெளியான ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் அது நடந்தது, அவற்றில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று. 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளைத் தேறுவதற்குக் காத்திராமல் பிறந்ததுமே தாயின் நெஞ்சில் சேர்த்தார்கள். இறப்பு கால் பங்கு குறைந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், மற்றக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்லிவிட்டது. வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தை, அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

நமது பக்கம் என்ன நடக்கிறது? நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு மேல்மாடியில், பிரசவித்தவர்கள் வார்டு கீழே. சிசேரியன் தையலோடு வந்த பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து, பால் கொடுக்க எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். கேட்டால் தொற்று வரும் என்றார்கள். அந்த 2021 ஆய்வில் தாயோடு இருந்த குழந்தைகளிடம் தொற்றுச் சந்தேகம் குறைவாகவே இருந்தது. கழுவாத கைகள்தான் பயப்பட வேண்டியவை, அவை பெரும்பாலும் எங்களுடையவை.

செய்முறையை எந்தச் செவிலியரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, கீழே ஒரு துணி, அவ்வளவே உடை. நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு அடைபடாதபடி முகவாயைச் சற்றே தூக்கி, கால்களைத் தவளை போல மடக்கி, காதுக்குக் கீழே வருமாறு துணியால் கட்ட வேண்டும். தாய் சாய்ந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் கட்டிலும் தலையணையும் கேட்கிறேன். தெர்மாமீட்டர் இல்லாத நேரத்தில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிருக்குள் போகிறது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஏற்கெனவே உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்கு அனுப்பும்போது குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம் என்பதை அம்மாயியிடம் சொல்லுங்கள், பெற்றவளிடம் அல்ல. எண்ணெய் தேய்த்துக் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டும் கை அவருடையது, முடிவும் அவருடையது. திட்டினால் கேட்க மாட்டார், பொறுப்பைக் கொடுத்தால் காவல் காப்பார். வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துத் தோல் வெந்துபோன குழந்தைகளை நான் கண்டிருப்பதால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

துணிக்குத் திருப்பூரைக் கேளுங்கள். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்பும் ஊரில், கட்டும் துணியும் தொப்பியும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்டு சொல்லக் கூடாது. எந்த பனியன் கம்பெனியிடம் கேட்டாலும் மீந்த துணியில் தைத்துத் தருவார்கள் என்று நம்புகிறேன்.

கட்டில்களை இந்த ஐப்பசிக்குள் போட்டுவிடுங்கள். 35 டிகிரிக்குக் கீழே காட்டும் தெர்மாமீட்டர்கள் மலை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முதலில் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
கோபிசெட்டிபாளையம்