தம்பிக்காக நின்றவர்களுக்கு

புளியரையிலும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் இந்த மடல். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் போடாதே அக்கா என்றான்.

எர்ணாகுளத்தில் மலையாளப் படங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன், எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் பழக்கத்தோடு பாலருவி எக்ஸ்பிரஸில் செங்கோட்டை வந்து இறங்கிய ராத்திரி எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அப்பா ஒரு வாரம் மாடி அறையில் வைத்துப் பூட்டினார். நானும் தடுக்கவில்லை.

ஆட்டோக்கார அண்ணே, நீங்கள்தான் அப்பாவிடம் முதலில் பேசினீர்கள். "மஞ்சக்காமாலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா மாமா?" அந்தக் கேள்விதான் பூட்டைத் திறந்தது. சிகிச்சைக்காகப் புனலூருக்குப் போகும் வழியில் நல்ல மழை, நனைந்து உட்கார்ந்திருந்தவனுக்கு டீக்கடை சேச்சி தன் கம்பளியைப் போர்த்திவிட்டார், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கே ஆலோசனை தந்த கவுன்சிலர் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது? போலீஸ் பிடிக்குமோ என்று பயந்தோம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அடிமையானவர் தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால், உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று விளக்கினார். இந்தச் சரக்கை விடுவதற்கென்று தனி மருந்து கிடையாது, பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் வாரம் தூங்கித் தூங்கி விழுந்தான், விழித்தால் கத்தினான், பிறகு ஒரே அழுகை. அத்தனை நாளும் அவர் பொறுமை இழக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் இந்தி நடிகர் சஞ்சய் தத் கதையைச் சொன்னார். 1981இல் முதல் படம் வெளிவரும் சில நாட்களுக்கு முன் அம்மா நர்கீஸ் இறந்துபோனது, போதையில் கிடந்த மகனை அப்பா சுனில் தத் அமெரிக்காவில் சிகிச்சைக்குச் சேர்த்தது, பின்னாளில் மகனே அதையெல்லாம் வெளிப்படையாகப் பேசியது. "அவ்வளவு பெரிய குடும்பமே மறைக்கலையே" என்று அப்பா எழுந்துபோய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குள் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. பூட்டி மட்டும் வைக்காதீர்கள்.

எட்டு மாதம் ஆகிறது. அப்புறம் சேச்சி, உங்கள் கம்பளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு தம்பியே பஸ் ஏறிக் கொண்டுவருவான்.