மாட்டுக் கொட்டத்தை வீடாக்கும் முன் சுவரில் ஏறிய உப்பை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் மாடில்லாமல் கிடக்கும் பழைய கொட்டங்களை இடிக்காமல் வீடாக மாற்றிக் குடியேறுகிறார்கள். நல்ல காரியம். கனத்த மண்சுவர், பனங்கை (கூரை தாங்கும் பனைமரச் சட்டம்), சீமை ஓடு என்று அமைந்த கூட்டுக்குள் சித்திரை வெயில் அவ்வளவு சுலபமாக இறங்காது. புதுச் செங்கலும் சிமென்ட்டும் கம்பியும் மிச்சம். ஆனால் இப்படி மாற்றிய வீடுகள் சில, முதல் அடைமழையிலேயே பூச்சு உதிர்ந்து நிற்கின்றன. "மண்சுவர் இப்படித்தான்" என்று பழியை மண்ணின்மேல் போட்டுவிடுகிறோம். மாடு கட்டிய இடத்தைச் சாதாரணப் பழைய வீடு என்று நினைத்து வேலை பார்த்ததுதான் காரணம்.

வருஷக்கணக்காகக் கோமியம் இறங்கிய தரையில் வெடியுப்பு வகை, அதாவது நைட்ரேட், ஊறிக் கிடக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரமான ஓதத்தோடு சேர்ந்து அது சுவரில் இரண்டு மூன்று அடி உயரம் ஏறி நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் சுவர் மாவாகக் கொட்டும். கோடையில் எல்லாம் காய்ந்து திடமாகத் தெரிவதால், சித்திரையில் இடம் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கார்த்திகையில் போய்ப் பாருங்கள். கூரை ஒரு சொட்டு ஒழுகாத கொட்டத்திலும் சுவரின் அடிப்பாகம் யாரோ தண்ணீர் தெளித்ததுபோலக் கறுத்திருக்கும். இந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.

அதன்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சைத் தள்ளி, மண்ணின் தோலோடு பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும். மூன்றடிக்கு சிமென்ட் பட்டை அடித்தால், ஓதம் அதைத் தாண்டி ஐந்தடிக்கு ஏறும்.

செய்ய வேண்டிய முறை இது. பழைய பூச்சை, கறை தெரியும் இடத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்து, உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். மாடு கட்டாத இடத்துக் களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, பொடியாக நறுக்கிய வைக்கோல் கொஞ்சம் சேர்த்துக் குழைத்து, சுவரை லேசாக நனைத்து ஓர் அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது காய்ந்து தானாக விட்டுக்கொள்ளும். உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த மண்ணைத் தூரக் கொட்டிவிட்டுப் புது மண்ணால் இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும். மாவாகிப்போன அடிச்சுவரை மாற்றியே ஆக வேண்டும். இரண்டடி இரண்டடியாக, ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக் கட்டுங்கள். மொத்தமாகத் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும்.

தரையில் ஓரடி மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய கொட்டங்களின் அஸ்திவாரம் ஆழம் குறைவு என்பதால் சுவரோரம் சரிவாக விட்டு வெட்டுங்கள். அந்த மண் வயலுக்கு அருமையான உரம். அதையே குழைத்துச் சுவருக்கு ஒட்டுப்போடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பெரிய தப்பு. பிறகு தூசி கழுவிய 40 மி.மீ. ஜல்லி ஆறு அங்குலம், மணல் கலக்காமல். ஓதம் ஏறாமல் தடுப்பது இதுதான். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை மூன்று அங்குலம். மேலே ஆத்தங்குடிக் கல்லோ ரெட் ஆக்சைடோ உங்கள் விருப்பம். சுவரை ஒட்டி எருக்குழி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

உள்தரை வெளித்தரையைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தரையை உயர்த்தினால் தலைக்கு இடம் குறையும், இங்கேதான் சிக்கல். கொட்டத்தின் தாழ்வாரப் பக்கச் சுவர் ஆறடிதான் இருக்கும். தலை இடிக்கிறது என்று தரையைப் பள்ளமாக்குகிறார்கள். ஐப்பசி மழை உள்ளே வந்துவிடுகிறது. கூரையைத்தான் தூக்க வேண்டும். ஓட்டையும் கைமரத்தையும் எண் போட்டு இறக்கி, சுவரை இரண்டரை அடி உயர்த்தி, நான்கு மூலையிலும் பூட்டிய மரச்சட்டத்தைச் சுற்றிலும் ஓடவிட்டு, அதன்மேல் கூரையை ஏற்றுங்கள். சுவரை உயர்த்த 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லே போதும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மட்டும் அதற்கு ஆகாது. ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் வெடிக்கும். கான்கிரீட் தளம் போடும் ஆசை வேண்டாம். நான்கு அங்குலத் தளம் சதுர அடிக்கு 23 கிலோ. ஓட்டுக்கூரை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

பனங்கையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைரம் பாய்ந்தது. பொத்தென்றால் உள்சோற்றைக் கரையான் தின்றுவிட்டது. சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுக்கும். அங்கே முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தடவி, சுற்றிலும் காற்றுப்போக ஓர் அங்குல இடம் விடுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும்.

பூச்சுக்கு நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. செங்கல் தூள் கொஞ்சம் சேர்த்தால் ஈரத்தில் நன்றாக இறுகும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஈரச் சாக்குக் கட்டி ஒரு வாரமாவது காக்க வேண்டும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்; கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். தையில் தரையை வெட்டினால் புரட்டாசிக்குள் பூச்சு முடியும்.

கொட்டத்தை ஒட்டிய கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்காமல் குடிக்காதீர்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்ட செறிவு கூடும். கிணறு ஆகாதென்றால் மழைநீரைச் சேமிக்கலாம். மதுரைக்கு வருஷ மழை ஏறக்குறைய 85 செ.மீ. ஆயிரம் சதுர அடி ஓட்டுக்கூரையில் சேதாரம் போக அறுபதாயிரம் லிட்டர் பிடிக்கலாம்.

காளவாசல் என்றாலே சூளை. அந்தப் பெயரில் ஒரு சந்திப்பு உள்ள மதுரையில், சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தனாரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பெரியவர்களுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அரசு ஐ.டி.ஐ.களின் கொத்தனார் பயிற்சியில் சுண்ணாம்பு வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்கி, கற்றுக்கொடுக்க அந்தப் பெரியவர்களையே அழைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொத்தனார்கள், தச்சர்கள் சிலர்,
மேலூர் வட்டாரம், மதுரை மாவட்டம்.