பிக்கப்பில் கை வைப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்ய, உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, முழுக்க முழுக்க பிக்கப் புராணம்தான். பேஸ் கிட்டாரில் சத்தம் செத்துவிட்டதாம், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற அந்தப் பிக்கப்பை மாற்றப் போகிறாயாம், அதற்கும் சரிவராவிட்டால் ஆம்பை விற்றுவிடுவாயாம். இவ்வளவு காலம் வாயே திறக்காதவன் எழுதியிருக்கிறானே என்று ஆசையாகப் பிரித்தேன். படித்து முடிப்பதற்குள் எரிச்சல்தான் மிச்சம். நீ சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

கேள்வி ஒன்றே ஒன்று. கம்பியை எப்போது மாற்றினாய்?

பதில் வேண்டாம், எனக்குத் தெரியும். நம் கூட்டம் கடைசியாக மேடை ஏறியபோது மாட்டியிருந்த அதே செட்தான். அன்றைக்கே அது கறுத்துப்போய் இருந்தது. வாத்தியார் அதைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தாரே, மறந்துவிட்டாயா?

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். மெல்லிய G கம்பி பரவாயில்லை, D சுமார். A கம்பிக்கு வந்ததும் மங்கல், இருப்பதிலேயே தடித்த E மூட்டையில் குத்துவது போல இருக்கிறது. பிக்கப் போனால் அது இப்படி வரிசை பார்த்துப் போகாது, பெரும்பாலும் சட்டென்று போய்விடும். தடித்த கம்பி முதலில் மங்கி, மெல்லியது கடைசிவரை தாக்குப்பிடிப்பது கம்பி அழுக்கின் லட்சணம்.

நீ போட்டிருப்பது ரவுண்ட்வவுண்ட். நடுவில் ஸ்டீல் கம்பி, அதன்மேல் நிக்கல் பூசிய இன்னொரு கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு பள்ளம். உன் வியர்வை, உப்பு, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். E கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அடிச்சுருதி 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ஆனால் அதை பேஸ் என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது அதற்கு மேலே 82, 123 என்று ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காக ஏறும் மேல்சுருதிகள், அதாவது ஹார்மோனிக்ஸ்தான். பள்ளத்தில் அழுக்கு அடைந்தால் முதலில் அமுங்குவது அந்த மேல் அடுக்கு. அடிச்சத்தம் அப்படியே இருக்கும். அதனால் நீ ஆம்பில் மேல்சத்தத்தைக் கூட்டும் டிரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பாய். கம்பியிலேயே இல்லாததை ஆம்ப் எங்கிருந்து கொண்டுவரும்? வெறும் இரைச்சல்தான் கூடும்.

சந்தேகம் இருந்தால் நீயே பார். 12-ஆம் பிரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த 12-ஆவது உலோகப் பட்டைக்கு மேலே, லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடு. அதே இடத்தில் அழுத்திப் பிடித்தும் வாசி. ட்யூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில், கம்பி உட்காரும் சாடிலை எவ்வளவு நகர்த்தியும் நிற்கவில்லை என்றால், கம்பியின் எடை ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அப்புறம், பிரெட்டுகளுக்கு நேர் மேலே கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பார். நகம் தடுக்கினால் அங்கே பிரெட் கடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. அழுக்கைக் கழுவலாம், பள்ளத்தைக் கழுவ முடியாது. அந்தக் கம்பிக்கு விடைகொடுத்துவிடு.

பள்ளம் ரொம்ப இல்லை என்றால் மேலே படி.

தண்ணீரில் கொதிக்கவைப்பது பழைய வைத்தியம். நம் தாத்தா, அதான் டிரம்ஸ் தாத்தா, எல்லாம் தெரிந்தவன் மாதிரி உன்னிடம் அதைத்தான் சொல்லியிருப்பான். பத்து நிமிடம் கொதித்தால் அழுக்கு கழன்று வரும், சத்தமும் பளிச்சென்று திரும்பும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றுகளுக்கு உள்ளே நுழைந்த ஈரத்தைத் துணியால் எடுக்க முடியாது. சரியாகக் காயாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்டீல் துருப்பிடிக்கும். அந்தப் பளிச்சும் சீக்கிரமே போய்விடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஆல்கஹால்தான் என் கட்சி. மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல். ஐசோபுரொப்பைல் வாங்கினால் 99 சதவீதம் என்று போட்டதை வாங்கு. 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் தண்ணீர், அப்புறம் துருக் கதைதான். கம்பியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பிவிசி குழாய் எடுத்து, ஒரு முனையை மூடியால் நன்றாக ஒட்டிவிடு. நான்கு கம்பிகளையும் சுருட்டாமல் நேராக உள்ளே இறக்கி, மூழ்கும்வரை ஊற்றி, மேல் முனையையும் மூடி, நிமிர்த்திச் சாய்த்துவை. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் எடுத்துப் பழைய துணியால் அழுத்தித் துடை. துணியில் வருகிற கறுப்பைப் பார்த்தால் இத்தனை நாள் இதையா தொட்டுக்கொண்டிருந்தோம் என்று இருக்கும். மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடும். அந்த ஸ்பிரிட்டைக் கொட்டிவிடாதே. அழுக்கு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை வடித்து மூடிவை, அடுத்த தடவைக்கு ஆகும்.

இது விளையாட்டில்லை, கவனமாகக் கேள். ஸ்பிரிட்டை எந்தக் காரணத்துக்கும் சூடாக்காதே. அதன் ஆவியே தீப்பிடிக்கும். ஜன்னலைத் திற, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, உள்ளே போனால் விஷம். பேஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. ஒரு சொட்டு பட்டால் பழைய லாக்கர் பூச்சு கரைந்துவிடும், ரோஸ்வுட் பலகை வறண்டு போகும்.

கழற்றும்போதும் பொறுமை வேண்டும். முறுக்கை நன்றாகத் தளர்த்திவிட்டு மெதுவாக எடு. கம்பியைச் சுற்றி இறுக்கும் பெக்கில் மடிந்திருக்கும் இடத்தை நிமிர்த்த நினைக்காதே, கம்பி அங்கேதான் அறும். திரும்ப மாட்டும்போது அதே மடிப்பை அதே துளையில் உட்காரவை. இறுக்குவதற்கு முன் கம்பி தானாகச் சுழன்று முறுக்கு விட்டுக்கொள்ளட்டும். முறுக்கோடு இறுக்கினால் புதுக் கம்பிகூடச் செத்துத்தான் ஒலிக்கும்.

ஒவ்வொரு குளியலுக்கும் கிடைக்கிற பலன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உலோகமும் களைக்கும் அல்லவா. அதனால் ஊறவைப்பதைவிட முக்கியம் தினசரித் துடைப்பு. வாசிப்பதற்கு முன் கையைக் கழுவு. முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் கவ்விப் பிடித்து, பிரிட்ஜிலிருந்து மறுமுனையில் இருக்கும் நட் வரை அடிப்பக்கமும் சேர்த்து இழு. அடிப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை, பிரெட்டில் உரசுவதோ அதுதான். உன் உள்ளங்கை வியர்வைக்கு மேடைக்கடியில் வாளி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னோம். உனக்கு பூச்சுப் போட்ட கம்பிகூடப் பொருந்தும். எலிக்ஸிர் மாதிரி, கோர்டெக்ஸ் துணி செய்கிற அதே கோர் நிறுவனத்தின் சரக்கு. தொட்டால் கொஞ்சம் வழுக்கும், சிலருக்குப் பிடிக்காது. அதை மட்டும் ஸ்பிரிட்டில் போடாதே.

நீ உடனே ஜேம்ஸ் ஜேமர்சனை இழுப்பாய். மோடவுன் இசை நிறுவனத்தின் எத்தனையோ பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றாதவர், நான் ஏன் மாற்ற வேண்டும் என்பாய். அவர் போட்டது பிளாட்வவுண்ட், தட்டைப் பட்டையால் சுற்றியது. அதில் அழுக்கு அடையப் பள்ளமே கிடையாது, பிறப்பிலேயே மங்கலான குரல், அந்த மங்கல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நீயோ தி ஹூ குழுவின் பேஸ்காரர் ஜான் என்ட்விசில் மாதிரி கணகணவென்று வர வேண்டும் என்கிறாய். 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்டோடு வந்த ஒலி அது. ஜேமர்சன் மாதிரி கம்பியை விட்டுவிட்டு என்ட்விசில் சத்தம் கேட்டால் எப்படிடா?

கடைசிப் பக்கத்தில், ஏதோ போகிறபோக்கில் எழுதுவது போல, "ஒருவேளை என் விரலுக்குத்தான் வயசாகிவிட்டதோ" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதிவில் இரண்டாவது நிமிடத்தில் A கம்பியில் தாளத்துக்குச் சற்றே பின்னால் விழுந்து, டிரம்ஸ் வரும்வரை காத்திருந்து, அப்புறம் சேர்ந்துகொண்டாய். அது பிசகு இல்லை, அது நீ. எப்போதும் அப்படித்தான் வாசிப்பாய், நாங்கள் யாரும் கற்றுக்கொள்ள முடியாமல் போனதும் அதுதான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சொல்வதைக் கம்பி வெளியே விடவில்லை, அவ்வளவுதான். வாசிப்பதை நிறுத்துவது பற்றியெல்லாம் இந்தக் கம்பியை வைத்து முடிவு செய்யாதே.

வாத்தியார் உன்னை விசாரித்தார், முழங்கால் வலியோடு இன்னும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊறவைப்பதற்கு முன் ஒன்றும், மாட்டிய பிறகு ஒன்றும் பதிவு செய்து அனுப்பு. ஆம்பில் எதையும் திருகாதே. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் புது செட் போடு. புது செட்டிலும் மங்கலாக இருந்தால் பிக்கப்பைப் பற்றிப் பேசலாம், அப்போது சால்டரிங் அயர்னை நானே எடுத்து வருகிறேன். தாத்தாவிடம் மட்டும் இந்த ஸ்பிரிட் விஷயத்தை மூச்சுவிடாதே. அவன் சிம்பலை முக்கப் போய்விடுவான்.

உன்,
குட்டை