ஞாயிறு வாசிப்பு: பேவுல்ஃப், முதல் 52 வரிகள்

நண்பர்களே, வணக்கம். ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கம்போலச் சந்திக்கிறோம். இந்த முறை 'பேவுல்ஃப்'. மொத்தம் 3,182 வரி. பயப்பட வேண்டாம், முதல் 52 வரி படித்துவிட்டு வந்தால் போதும். எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி.

பழைய ஆங்கிலக் காவியம்தான், ஆனால் கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும். கதைமாந்தர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்தையவர்கள்; சொல்லும் கவிஞரோ கிறிஸ்தவர். முன்னோர்களை வியக்கவும் செய்கிறார், அவர்கள் கடவுளை அறியவில்லையே என்று வருந்தவும் செய்கிறார். எனக்கு அரக்கன் சண்டையைவிட இந்த இழுபறிதான் சுவாரசியம்.

தொடக்கத்தில் டென்மார்க் மன்னர் ஷில்டின் உடலை ஆயுதங்களோடும் செல்வத்தோடும் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. 1939இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்தில் 7ஆம் நூற்றாண்டுக் கப்பல் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள்: தலைக்கவசம், வாள், பொன் நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். ஆனால் அது மண்ணில் புதைத்த கப்பல். இந்த வேறுபாட்டையும் பேசுவோம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படங்கள் உண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், நமக்குக் கிடைத்திருப்பது கி.பி. 1000 வாக்கில் எழுதிய ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகின. அதே தீயில் 'மால்டன் போர்' என்ற இன்னொரு பழைய ஆங்கிலப் பாட்டின் பிரதி அழிந்தேபோனது; முன்பே நகலெடுத்திருந்ததால் பாட்டு மிஞ்சியது.

அரக்கன் கிரெண்டல் அடுத்த வாரம். காவியம் இயற்றப்பட்ட காலம் பற்றிய சண்டையை இப்போதே ஆரம்பிக்காதீர்கள், அதற்குத் தனி நாள் ஒதுக்கலாம். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.