இரைப்பை தன்னைத் தானே ஏன் செரித்துவிடுவதில்லை

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இடுப்பு வலிக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரையை மருந்துக் கடையில் நீயே கேட்டு வாங்கிப் பல வாரங்களாகச் சாப்பிட்டு வருவதாகவும், மேல்வயிறு எரிவதால் மிளகாயையும் புளியையும் ஒதுக்கிவிட்டு இரவில் பால் குடித்துப் படுப்பதாகவும் எழுதியிருந்தாய். மிளகாயை நிறுத்திய நீ மாத்திரையை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. போனில் சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாய். இத்தனை ஆண்டுகள் நர்சிங் மாணவிகளுக்கு உடலியல் கற்பித்தவள் என்ற உரிமையில், காரணத்தோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆட்டுக்குடலை நாம் சமைத்துச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் அதைக் கூழாக்கிவிடுகிற இரைப்பை, அதே வகைத் தசையால் ஆன தன்னை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது என்று யோசித்துப் பார். அது சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். அளவு 1 முதல் 2 வரை இருக்கும் (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவுகோல்; 7 என்றால் நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கடுமை).: அதாவது, இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு செறிவான அமிலம் அங்கே தேங்கி நிற்கிறது. புரதத்தை அறுக்கும் பெப்சினும் கூடவே இருக்கிறது. லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ஹண்டர் 1772-இல் ஒன்றைப் பதிவு செய்தார்: சிலருடைய உடலைத் திறந்து பார்த்தபோது, இறந்த பின் இரைப்பையின் சுவரே கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. உயிரோடு இருக்கும்வரை நடக்காத ஒன்று உயிர் போனதும் நடக்கிறது என்றால், அந்தப் பாதுகாப்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் அன்று. ஒவ்வொரு நிமிடமும் உடல் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை.

அந்த வேலை இப்படி நடக்கிறது. இரைப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள், வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டுமே, அதைப் போன்ற வழவழப்பான ஒரு படலத்தைத் தம் மேல் பரப்பி வைக்கின்றன. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய படலம் அமிலத்தைத் தானே தடுத்துவிட முடியாது. அதே செல்கள் அதற்குள் பைகார்பனேட்டையும் சுரந்து விடுவதால், உள்ளே ஊடுருவி வரும் அமிலம் வழியிலேயே நடுநிலையாகி, செல்லைத் தொடும் இடத்தில் பி.எச். ஏறத்தாழ 7 ஆகிவிடுகிறது. இதில் நான் வகுப்பில் எப்போதும் நின்று நிதானித்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அமிலம் உண்டாக்கும் செல், ஒரு பக்கம் அமிலத்தை இரைப்பைக்குள் விடும்போதே மறுபக்கம் பைகார்பனேட்டை இரத்தத்தில் விடுகிறது. அங்கிருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதை மேற்பரப்புச் செல்களின் அடிவாரம் வழியாகவே எடுத்துச் செல்கின்றன. அமிலம் சுரக்கிற அதே வேளையில் அதற்கான மாற்றும் தேவைப்படுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் சேதமடையும் செல்களை உடல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றிக்கொள்கிறது. சிறு கீறல் என்றால் அக்கம்பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து சில மணி நேரத்துக்குள் மூடிவிடுகின்றன.

படலம் சுரப்பது, பைகார்பனேட் சுரப்பது, இரத்த ஓட்டத்தைக் குறையாமல் வைத்திருப்பது ஆகிய மூன்றையும் தூண்டிக்கொண்டிருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள். உன் மாத்திரை கை வைப்பது இவற்றில்தான். உன் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இடுப்பில் வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தும் மருந்து, இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று நீ எழுதியிருப்பது இதனால்தான் சரியாகாது. மாத்திரை இரைப்பையை நேரடியாக உறுத்துவது அதன் கெடுதலில் ஒரு பகுதி மட்டுமே. இரத்தத்தில் கலந்து வந்து செய்வதே பெரும்பகுதி. ஊசியாகப் போட்டாலும் அது நடக்கும்.

மிளகாய் நரம்பைச் சுண்டி எரிச்சலை உணரச் செய்கிறதே தவிரப் புண்ணை உண்டாக்குவதில்லை. எரிச்சலை அதிகமாக்கினால் குறைத்துக்கொள், அவ்வளவே. பால் சிறிது நேரம் இதமாக இருக்கும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும்.

இரைப்பைப் புண்ணுக்கு, அதாவது அல்சருக்கு, வலி மாத்திரையைத் தவிர இன்னொரு காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். நெடுங்காலம் மருத்துவர்களே அல்சருக்கு மன அழுத்தத்தையும் காரத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982-இல் வளர்த்துக் காட்டினார்கள். இதுவே காரணம் என்பதை நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருடைய இரைப்பை அழற்சி கண்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, நான் மேலே சொன்ன படலத்துக்குள்ளேயே அந்தக் கிருமி குடியிருக்கிறது. நம் நாட்டில் இது மிகப் பரவலாக இருக்கிறது. கிருமியும் வலி மாத்திரையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆனால் கிருமியை ஆன்டிபயாடிக் மருந்துகளால் முழுமையாக ஒழித்துவிட முடியும்.

ஆகவே, அய்யா, டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்து. மருத்துவரைப் பார்க்கும்வரை வலி தாங்காவிட்டால், அளவோடு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். அது இரைப்பையை இந்த அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை. இந்த வாரமே வயிறு குடல் நிபுணரிடம் போய், எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றை அதற்கு முன்பு நீயாகத் தொடங்காதே. தொடங்கிவிட்டால் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையில் கிருமி இருந்தும் இல்லையென்று வரக்கூடும் என்பதால், பெரும்பாலும் இரண்டு வாரம் நிறுத்திய பிறகே அதைச் செய்வார்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற நிறம் தெரிந்தாலோ, திடீரென வயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ, நேரம் பார்க்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடு.

இடுப்பு வலிக்குத் தனியாக ஒரு பிசியோதெரபி மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தே செய்யும் வேலையில் அந்த வலி மாத்திரையால் தீராது. மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா