ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு இழப்பீடு: எந்த வழக்கறிஞரிடம் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் நுரையீரல் நோயைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பாதிக்கப்பட்டவர்கள் நல்ல வழக்கறிஞரை அணுகி இழப்பீடு கோர வேண்டும் என்ற அறிவுரையோடு முடிந்திருந்தது. அந்த நல்ல வழக்கறிஞரை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. தொழிற்சங்கப் பணியில் இழப்பீட்டு மனுக்களோடு நெடுங்காலம் அலைந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இயந்திரத்தில் கை சிக்கினால் நாளும் நேரமும் சாட்சியும் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் படிந்து நோயாக வெளிப்படப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், ஆலை கைமாறியிருக்கும், கூட வேலை பார்த்தவர்கள் ஊரைவிட்டே போயிருப்பார்கள். மூச்சிரைப்பைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியதும் நடந்திருக்கும். ஆகையால் வழக்கறிஞரின் முதல் கேள்வி எது என்று கவனியுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள், சாக்குப்பையைக் கிழித்துக் கொட்டும் இடத்தில் நின்றீர்களா, நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்த ஆளா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் உண்டா, நோயின் பெயரை எந்த மருத்துவர் எந்தத் தேதியில் எழுதினார் என்று கேட்பவர் இந்த வழக்கைப் புரிந்தவர். உட்கார்ந்தவுடன் எத்தனை லட்சம் கிடைக்கும் என்று பேச ஆரம்பிப்பவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

இவற்றில் இ.எஸ்.ஐ. பற்றிய கேள்வி மிக முக்கியமானது. ஆஸ்பெஸ்டாசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வரும் நுரையீரல் நோய், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் ஆகிய இரண்டின் அட்டவணையிலும் தொழில் நோயாக இடம்பெற்றிருந்தது. ஆனால் இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றவர் இ.எஸ்.ஐ. வழியாகத்தான், மருத்துவ வாரியத்தின் முன் நின்று, ஊனப் பயன் கோர முடியும். அதே நோய்க்காக, முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை முடிவு செய்யும் இழப்பீட்டு ஆணையரிடம் போகச் சட்டம் இடம் தருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் தொழிலாளிக்கு, வாகன விபத்து வழக்குகளில் பெயர் பெற்ற ஒரு வழக்கறிஞர் ஆணையரிடம் மனுப் போட்டார். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் பல ஆண்டுகள் ஓடியபின், இ.எஸ்.ஐ. எண்ணைக் காட்டி எதிர்த்தரப்பு எழுப்பிய ஒரே ஆட்சேபத்தில் மனு தள்ளுபடியானது. அந்த எண் முதல் நாளிலிருந்தே அவருடைய பழைய சம்பளச் சீட்டில் அச்சாகியிருந்தது. வழக்கறிஞரின் திறமையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. இந்தத் துறை அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

காலக்கெடுவைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கச் சொன்னது. வேலையை விட்டபின் தலைகாட்டும் நோய்க்கும், அறிகுறி இரண்டு ஆண்டுகளுக்குள் தெரிய வேண்டும் என்ற வரம்பு இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை நேர்மையான வழக்கறிஞர் மறைக்காமல் சொல்வார். தாமதத்தைத் தகுந்த காரணத்தோடு மன்னிக்க ஆணையருக்கு உள்ள அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்பதையும் சொல்வார். 2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், தங்கள் வழக்குக்குப் பழைய சட்டமா புதிய தொகுப்பா என்ற கேள்விக்கும் அவரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று வழங்கிய தீர்ப்பைப் படித்தவரா என்பதையும் பேச்சில் அறிந்துகொள்ளலாம். அவ்வழக்கில் நோய் உறுதியாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டதோடு, தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. கையில் ஒரு காகிதமும் இல்லாத தொழிலாளிக்காக ஆலையிடமிருந்தே ஆவணத்தைக் கேட்டு வாங்க இதைவிட வலுவான பிடி வேறில்லை.

கட்டண விஷயத்தில் குடும்பங்கள் ஏமாறுவது மனத்தை வருத்துகிறது. வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் அனுமதிப்பதில்லை. விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடுவதற்கும் தடை உண்டு. கைப்பேசியில் தேடினால் வரிசையாக வந்து நிற்கும் விளம்பரங்களில் பல அமெரிக்க நிறுவனங்களுடையவை. வென்றால் மட்டும் பங்கு என்ற முறை அந்நாட்டில் வழக்கம். அதை வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது. கட்டணம் எவ்வளவு, மருத்துவ நிபுணரைச் சாட்சியாக அழைக்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது என்பதால், கணவரை இழந்து வழக்கைத் தொடரும் மனைவியும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் நகலெடுத்துக் கொடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்கு ஆவணங்களைத் தராமல் நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் தொழிலாளர் சட்ட வழக்குகளை நடத்திப் பழகியவர்கள் யார் என்பதைத் தனியே குறித்து, அந்தப் பட்டியலை இ.எஸ்.ஐ. மருந்தகங்களின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியர்,
கோயம்புத்தூர்